இலையுதிர் காலமும் எதிர்வீட்டு மரமும்

பருவங்களுள் எது சிறந்தது என வினவுவார்க்கு அவரவர் வளர்ந்த மண்ணே விடை கூறும். ஆங்கில நாட்டார் மே மாதத்து வெயிலைக் கண்டு மகிழ்வர். தமிழ் நாட்டு உழவர் ஐப்பசி மழையை எதிர்நோக்கி நிற்பர். ஜப்பானியரோ இலையுதிர் காலத்தை, நெடுநாள் வாராதிருந்த உறவினரைப்போல, நாள் எண்ணி வரவேற்பர். இம்மூன்று நாடுகளிலும் வாழ்ந்து பழகிய எமக்கு ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த மனம் வருவதில்லை. ஆயினும், 2025-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் எம்மிடம் ஒரு வினாவை விடுத்து, விடையிறுக்கும் வரையில் அகலாது நின்றது. அதனையே இம்மலரின் வாசகர்களுக்கு ஈண்டுக் கூற விழைகின்றோம்.

முதற்கண் எம்மைப்பற்றி இரண்டொரு வார்த்தை. நாம் பிறப்பால் ஆங்கிலேயர். எம் பெற்றோர் தமிழ் நாட்டிற் பள்ளி ஆசிரியராய் இருந்தமையின், எமது இளம்பருவம் தாமிரபருணிக் கரையிற் கழிந்தது. ஆங்கில எழுத்தைக் காகிதத்திலும் தமிழ் எழுத்தை மணலிலும் ஒரே காலத்திற் கற்றோம். பின்னர் இக்கல்லூரியில் இரண்டாண்டு ஆங்கிலம் போதிக்கும் பேறும் பெற்றோம். அதன்பின் ஜப்பான் சென்று, ஒரு மலைநாட்டுச் சிற்றூரில் 27 ஆண்டுகளாய் வாழ்ந்து வருகின்றோம். பள்ளி வேலையினின்று ஓய்வு பெற்றபின்னரும் ஊரார் எம்மைச் ‘சென்செய்’ என்றே அழைப்பர். ஆசிரியரைக் குறிக்கும் சொல் அது.

எமது ஊர் நாகானோ மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள இனாப் பள்ளத்தாக்கில் அமைந்தது. சுவா ஏரியிற் பிறந்த தென்ரியூ ஆறு இப்பள்ளத்தாக்கின் நடுவே ஓடிப் பசிபிக் கடலை அடைகின்றது. மேற்கிலும் கிழக்கிலும் உயர்ந்த மலைத்தொடர்கள் நிற்கின்றன. அவற்றை ‘ஜப்பானிய ஆல்ப்ஸ்’ என வழங்குவர். அப்பெயரை இட்டவரும் ஓர் ஆங்கிலேயரே. வில்லியம் கௌலண்டு என்னும் சுரங்கப் பொறியாளர் இட்ட அப்பெயரை, வால்டர் வெஸ்டன் என்னும் மற்றோர் ஆங்கிலேயர் 1896-ல் வெளியிட்ட தமது நூலால் உலகறியச் செய்தார். மலைக்குப் பெயரிடும் உரிமை எம் நாட்டார்க்கு எங்ஙனம் வந்தது என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அதற்கு விடை கூற எம்மால் இயன்றதில்லை.

2025-ஆம் ஆண்டின் கோடை மிகக் கடுமையாய் இருந்தது. 1898 முதல் எழுதிவைக்கப்பட்ட கணக்கில் அத்தகைய உஷ்ணமுள்ள கோடை வேறில்லை. ஆகஸ்ட் 5-ஆம் தேதி கும்மா மாநிலத்தில் 41.8 பாகை வெப்பம் பதிவாயிற்று. ஆதலின் இலையுதிர் காலம் எப்பொழுது வரும் என ஏங்கியிருந்தோம். வெயிலும் குளிரும் ‘ஹிகான்’ வரையில்தான் என்பது இந்நாட்டுப் பழமொழி. பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளை நடுவிற்கொண்ட ஏழு நாட்களுக்கு ஹிகான் என்று பெயர். அவ்வாரத்தில் மக்கள் தம் முன்னோர் கல்லறைகளைக் கழுவி மலரிட்டு வணங்குவர். பயற்றை வேகவைத்து, இனிப்பிட்டு மசித்து, சோற்றுருண்டையின்மேற் பூசி உண்பர். அப்பொழுது வயல் வரப்புக்களில் இலையே இல்லாத தண்டுகளின் நுனியில் செந்நிற மலர்கள் திடீரென எரியத் தொடங்கும். அதன் கிழங்கு நஞ்சுடையது. எலியும் அகழெலியும் வரப்பைத் துளையாதிருக்க முன்னோர் அதனை நட்டுவைத்தனர் என்பர்.

அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாய் மாறுதல்கள் நிகழும். அக்டோபர் முதல் தேதி பள்ளிப் பிள்ளைகள் கோடை உடையைக் களைந்து கனத்த உடை அணிவர். கடையிற் புத்தரிசி வந்துவிட்டதென்று எழுதி ஒட்டுவர். மாலையில் ஊர் ஒலிபெருக்கி இசை எழுப்பிப் பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்பும் நேரம் அரைமணி முன்னதாகும். இரவெல்லாம் புல்லினுள் சிள்வண்டுகள் ஒலிக்கும். ஜப்பானியர் அவ்வொலியை இன்னிசையாகக் கேட்டு மகிழ்வர். ஆங்கில நாட்டிலுள்ள எம் தமக்கையாரோ தொலைபேசியில் அதனைக் கேட்டு, “கருவியில் ஏதோ பழுது இருக்கின்றது, சரிபார்க்கச் சொல்” என்றார். முதலாண்டில் நாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். இப்பொழுது அவ்வொலி நின்ற இரவில் எமக்கு உறக்கம் வருவதில்லை.

அந்நிய நாட்டு வாழ்க்கை பெரும்பாலும் சிறு காரியங்களாலானது. காலையிற் பாலிட்ட தேநீர் அருந்துவோம். அதற்கு வேண்டிய தேயிலை தமக்கையார் அனுப்புவது. குப்பையை எரிவது, எரியாதது, மீண்டும் பயன்படுவது எனப் பிரித்து, உரிய நாளில் உரிய இடத்தில் எட்டு மணிக்குள் வைப்போம். 27 ஆண்டுகள் ஆகியும், நாம் இரு குச்சிகளால் உண்பதைக் கண்டு வியந்து பாராட்டுவோர் உளர். அவர் அன்பினாலேயே அங்ஙனம் கூறுகின்றனர். எனினும் அப்பாராட்டு, ‘நீர் இவ்விடத்தார் அல்லீர்’ என்பதையும் உடன் நினைவூட்டும். இங்கு நிலையாய் வசிக்கும் உரிமை எமக்கு உண்டு, வாக்குரிமை இல்லை. ஜப்பானியக் குடியுரிமை பெறவேண்டின், பிறந்த நாட்டுக் குடியுரிமையைத் துறத்தல் வேண்டும் என்பது சட்டம். அவ்விண்ணப்பத்தை ஒருமுறை வாங்கிவந்து பெட்டியில் வைத்தோம். அஃது இன்றும் அப்பெட்டியிலேயே இருக்கின்றது.

இத்தகைய தடுமாற்றம் எமக்கு மாத்திரம் உரியதன்று. இந்நாட்டிற்கு முதன்முதல் வந்த ஆங்கிலேயர் வில்லியம் ஆடம்ஸ் என்பவர் கெண்ட் மாகாணத்துக் கில்லிங்ஹம் ஊரிற் பிறந்தவர். டச்சுக் கப்பலொன்றில் வழிகாட்டியாய்ப் புறப்பட்டு, 1600-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நோயும் பசியும் தின்ற மாலுமிகளோடு கியூஷுத் தீவை அடைந்தார். தொக்குகாவா இயெயாசு என்னும் தலைவர் அவரை ஆதரித்துக் கப்பல் கட்டுவித்து, நிலமும் நல்கினார். ஊர் திரும்ப மட்டும் நெடுங்காலம் விடை கொடுத்தாரில்லை. 1613-ல் ஆங்கிலக் கப்பல் வந்தது. போகலாம் என்று அனுமதியும் கிடைத்தது. ஆடம்ஸ் போகவில்லை. 1620-ல் ஹிராடோவில் இறந்தபோது, தம் பொருளை ஆங்கில நாட்டு மனைவி மகளுக்கும் ஜப்பான் நாட்டு மக்களுக்கும் பகிர்ந்தெழுதி வைத்தார். எம் தமக்கையார் வசிப்பது அதே கில்லிங்ஹம் ஊரில். அங்கு ஆடம்ஸின் ஞாபகார்த்தமாக ஒரு மணிக்கூண்டு நிற்கின்றது. “அவரைப்போல நீயும் வாராதிருந்துவிடாதே” என்று அவர் எமக்கு எழுதுவது வழக்கம். சென்ற ஆண்டு அது விளையாட்டுப் பேச்சாய் இருக்கவில்லை. அவருக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் வலி மிகுந்துவிட்டது. “பின்னறைக்குப் புதிதாய் வர்ணம் பூசியாயிற்று, நீ வந்து என்னோடு இருந்துவிடு” என்று செப்டம்பரில் எழுதினார்.

நிற்க. எமது வீட்டிற்கு எதிரே ஒரு மூதாட்டியார் வசித்தார். எண்பத்தெட்டு வயதினர். அவர் முற்றத்தில் ஒரு பழமரம் உண்டு. ஜப்பானியர் ‘காக்கி’ என்றும், தமிழர் சீமைப் பனிச்சை என்றும் வழங்குவது அது. திருநெல்வேலிச் சீமையில் நாம் கண்ட பனிச்சை மரத்திற்கு இது நெருங்கிய உறவு. அங்கே பனிச்சங்காயின் துவர்ச் சாற்றை மீன்வலைக்கு ஏற்றுவர்; இங்கும் காக்கிக் காயின் துவர்ச் சாற்றை வலைக்கும் காகிதத்திற்கும் ஏற்றும் வழக்கம் உண்டு. இதனை நாம் ஒருநாள் மூதாட்டியாருக்குக் கூறியபோது, “அப்படியானால் சென்செய் எம் மரத்தின் உறவுமுறையாரை முன்னமே அறிந்தவர்” என்று கைகொட்டி நகைத்தார்.

அம்மரத்தின் பழம் பார்வைக்குப் பொன்னிறம். கடித்தால் நாவெல்லாம் துவர்த்து மரத்துவிடும். ஆயினும் அதனை உலர்த்தினால் தேனினும் இனிக்கும். துவர்ப்பு நீங்கிப்போவதில்லை, நாவிற் கரையாத வேறொரு நிலையை அடைந்து உள்ளேயே தங்கிவிடுகின்றது. காம்பின் இருபுறமும் சிறு கிளைத்துண்டு நிற்கும்படி கொய்து, தோலைச் சீவி, கயிற்றிற் கோத்து, கொதிநீரில் ஒரு கணம் தோய்த்து, மழை படாத காற்றோட்டமான தாழ்வாரத்தில் தொங்கவிடுதல் வேண்டும். ஒரு வாரம் சென்றபின் ஒவ்வொன்றையும் விரல்களால் மெல்லப் பிசைந்துவிடுதல் வேண்டும். மாதம் ஒன்றுக்கு மேலானால், பழத்தின் சர்க்கரையே வெண்பொடியாய் மேலே பூக்கும். இவ்வித்தையை மூதாட்டியார் எமக்கு ஆண்டுதோறும் கற்பித்தார். ஆண்டுதோறும் எம்முடைய கைவேலையைக் கண்டு தலையசைத்து, மீண்டும் கற்பித்தார். கொய்து முடிந்ததும் உச்சியில் ஒரு பழத்தை மட்டும் விட்டுவிடுவார். மரத்தைக் காக்கவும் அடுத்த ஆண்டு நன்கு காய்க்கவும் பறவைக்கென விடும் பழம் அது. அதனைத் தொடுதல் கூடாது.

2025 ஆகஸ்ட் மாதத்தில் அவர் வெப்பத்தால் முற்றத்தில் மயங்கி விழுந்தார். தோக்கியோவுக்கு அருகில் வசிக்கும் மகனார் வந்து தம்மோடு அழைத்துச் சென்றார். வண்டியில் ஏறுமுன் அவர் தம் வீட்டை நோக்கி வணங்கி, ‘இத்தே கிமாசு’ என்றார். ஜப்பானியர் வீட்டை விட்டு வெளியே செல்லும்போதெல்லாம் கூறும் சொல் அது. அதன் பொருள், ‘போய் வருகிறேன்’ என்பதே. ஆங்கிலத்தில் இதற்கு ஈடான சொல் இல்லை, தமிழில் உண்டு. ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லலாகாது என்று எமது இளமையில் வீட்டு வேலைக்கு வந்த அம்மாள் எம் வாயைப் பொத்தியது நினைவிற்கு வந்தது. “போய் வாருங்கள்” என்று ஜப்பானியர் வழக்கப்படியே விடை கூறினோம். அவர் வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

எமது குழுவில் உள்ள வீடுகள் பதினொன்று. மூதாட்டியாரின் வீட்டோடு பூட்டிய வீடுகள் ஐந்தாயின. இது நாடெங்கும் உள்ள நிலைமை. 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஜப்பானில் ஆளில்லா வீடுகள் ஏறக்குறைய 90 இலட்சம், நூற்றுக்கு 13.8 வீதம். ஆளற்ற வீட்டில் மரம் மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். அக்டோபர் மாதத்தில் மூதாட்டியாரின் மரம், இலைகள் சிவந்து உதிர உதிர, பழங்கள் விளக்குகள்போல் வெளிப்பட்டு நின்றது.

அம்மாத நடுவில், வீடு வீடாகச் சுற்றிவரும் அறிக்கைப் பலகை எம்மிடம் வந்தது. படித்தோர் தம் முத்திரையிட்டு அடுத்த வீட்டிற் சேர்த்தல் முறை. அதிற் கரடியைப் பற்றிய எச்சரிக்கை இருந்தது. காட்டில் கருவாலி போன்ற மரங்களின் கொட்டைகள் குன்றும் ஆண்டுகளில் கரடிகள் இரை தேடி ஊருக்குள் இறங்குகின்றன. முன்பு ஊருக்கும் காட்டிற்கும் இடையே உழுத நிலம் இருந்தது. இப்பொழுது புதர் மண்டிக் கிடக்கின்றது. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச்சு வரையில் நாடெங்கும் 219 பேர் கரடியாற் காயமுற்றனர் அல்லது மாண்டனர். மாண்டவர் 6 பேர். 2025-ஆம் ஆண்டில் மாண்டவர் தொகை பத்தைக் கடந்தது. ஆதலின், கொய்யாத காக்கிப் பழங்களை விரைவிற் கொய்க. பராமரிப்பாரில்லா மரங்களை வெட்டுக என்று அறிக்கை கூறிற்று. இரண்டு நாள் கழித்து, மேற்குச் சேரியில் கரடியைக் கண்டதாக ஒலிபெருக்கி அறிவித்தது.

மூதாட்டியாரின் மரத்தடியிலேதான் பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் வழி செல்கின்றது. குழுக் கூட்டத்தில் தலைவர் வருத்தத்தோடு அதனை எடுத்துரைத்தார். மகனார் வெட்டிவிடலாம் என்று எழுதியிருந்தார். மூதாட்டியாரோ, “சென்செய் சொல்லுகிறபடி செய்யுங்கள்” என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார். அனைவரும் எம்மை நோக்கினர். 27 ஆண்டுகளாகக் கூட்டங்களில் தேநீர் வார்த்தும் தலையசைத்தும் இருந்தோமேயன்றி, யாரும் எம்முடைய தீர்ப்பைக் கேட்டதில்லை. அன்று கேட்டனர்.

“மரம் நிற்கட்டும்” என்று சொல்லுதல் எளிது. ஆனால் அங்ஙனம் சொல்லுவோர் ஆண்டுதோறும் ஒரு பழமும் விடாமற் கொய்தல் வேண்டும். குளிர்காலத்தில் உயரக் கிளைகளைத் தறித்து மரத்தைத் தாழ்த்துதல் வேண்டும். ஒரு குழந்தைக்குத் தீங்கு நேரின் அதற்கு முன்னின்று விடை கூறுதலும் வேண்டும். வாக்குக் கொடுப்போர் இவ்வூரில் இருத்தல் வேண்டும். எம் தமக்கையாரின் கடிதமோ எம் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு நாள் தவணை கேட்டு வீடு திரும்பினோம்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. தமக்கையாரிடம் போதலே நியாயம் என்று ஒரு மனம் கூறிற்று. உடன்பிறந்தார் இருவரில் ஒருவர் நோயுறும்போது மற்றவர் எட்டாத் தொலைவில் இருத்தல் தகாது. மற்றொரு மனமோ, அங்கு நாம் விருந்தினராய்ப் போவோமா, வீட்டாராய்ப் போவோமா என்று கேட்டது. பிறந்த நாட்டில் எமக்காக வர்ணம் பூசிய ஓர் அறை காத்திருந்தது. இங்கோ ஒரு வேலை காத்திருந்தது. உரிமை என்று இதுகாறும் நாம் தேடியது பத்திரத்திலும் முத்திரையிலும் இருந்தது; இப்பொழுது எம்மிடம் வந்ததோ உரிமையன்று, கடமை. ஊரார் ஒருவரைத் தம்மவராக எண்ணுதல் குச்சிகளால் உண்பதைப் பாராட்டும்பொழுதன்று. ‘இது உன் பொறுப்பு’ என்று சொல்லும்பொழுதுதான் என்று அன்றுதான் உணர்ந்தோம்.

மறுநாள் மரம் நிற்கட்டும் என்று கூறினோம். நவம்பர் முதல் வாரத்துச் சனிக்கிழமை குழுவினர் ஏணிகளோடு வந்தனர். காக்கிக் கிளை எளிதில் முறியும் இயல்பினது. ஆதலின் எவரும் கிளைமேல் ஏறாமல், நுனி பிளந்த மூங்கிற் கழியால் காம்பைத் திருகிக் கொய்தோம். மாலைக்குள் 412 பழங்கள் சேர்ந்தன. கீழே உதிர்ந்து கெட்டவற்றையும் பொறுக்கிப் புதைத்தோம். இறுதியில் உச்சியில் ஒன்று எஞ்சியது. கழியைத் தாங்கியிருந்தவர் இறக்கிவிட்டு எம்மை நோக்கினார். ‘விடட்டுமா?’ என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பிள்ளைகள் நடக்கும் வழியைப் பார்த்தோம். கழியை நாமே வாங்கி, அப்பழத்தையும் கொய்தோம்.

அன்றிரவு மூதாட்டியாருக்குத் தொலைபேசியிற் பேசினோம். மரம் நிற்பதைக் கேட்டு மகிழ்ந்தார். பின்னர், “உச்சியில் ஒன்று விட்டீர்களல்லவா?” என்றார். ஆம் என்று கூறிவிடலாம். அவர் வந்து காணப்போவதில்லை. ஆயினும் எம் நா எழவில்லை. “இல்லை; அதனையும் யாமே கொய்தோம்” என்றோம். சிறிது நேரம் ஓசையில்லை. “குருவிக்கு வேறு மரம் தெரியும். காம்பு முறியாமற் கொய்தீர்களா? சென்ற ஆண்டு பாதிப் பழம் கயிற்றினின்று விழுந்துவிட்டதே” என்றார். அதன்பின் அரைமணி நேரம் பிசையும் முறையை மீண்டும் கற்பித்தார்.

தமக்கையாரோடு பேசுதற்கு மறுநாள் காலைவரை காத்திருந்தோம். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆங்கில நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவர். ஜப்பானில் அவ்வழக்கம் 1948 முதல் 1951 வரை மட்டுமே இருந்தது. ஆதலின் எட்டு மணியாய் இருந்த எம் இடைவெளி இலையுதிர் காலத்தில் ஒன்பது மணியாகிவிடும். “இனி இன்னும் ஒரு மணி தூரம் போய்விட்டாய்” என்றார் அவர். டிசம்பர் நடுவில் வந்து ஜனவரி முடிய அவரோடு இருப்பதாகவும், ஆண்டுதோறும் குளிர்காலத்தை அங்ஙனமே கழிப்பதாகவும் கூறினோம். “அதன்பின்?” என்றார். “பிப்ரவரியில் மரத்தின் உச்சியைத் தறித்தல் வேண்டும், அதற்குத் திரும்பி வருவோம்” என்றோம். ‘திரும்பி’ என்ற சொல்லை அவர் கவனித்திருத்தல் வேண்டும். வருத்தம் அவர் குரலில் இருந்தது, எமக்கும் இருந்தது. அவ்வருத்தத்திற்கு மருந்து யாம் அறியோம். பழத்தின் துவர்ப்பைப்போல் அஃதும் உள்ளேயே தங்கும் போலும்.

இதனை எழுதிய நாளில் தாழ்வாரமெங்கும் பழக்கயிறுகள் தொங்கின. மலையுச்சியில் முதற்பனி விழுந்திருந்தது. எம் பெட்டியில் ஒரு பங்கு தமக்கையாருக்கும், ஒரு பங்கு வழியில் மூதாட்டியாருக்குமாகக் கட்டிவைத்தோம். குழந்தைப் பருவத்தில் எமக்குத் தமிழ் தந்த நாட்டிற்கு அனுப்ப எம்மிடம் இக்கட்டுரையன்றி வேறில்லை. வாசகர்களே, யாம் போய் வருகிறோம்.